நிறம் ஏறும் வரைக்கும்

ஈயைப் பார்த்துப் பெயர் சொல்கிற வேலையில்கூட ஒருத்திக்கு இவ்வளவு கெத்து வரும் என்பது, பழ ஷெட்டில் பெரியவளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டுவாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிற லென்ஸைக் கைக்குட்டையால் துடைப்பாள். துடைத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்த பிறகுதான் மற்றவர்களோடு பேச்சு. ஷெட்டில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். வீட்டில் மூத்த மருமகள் என்பதால் பெரியவள். இரண்டு பெயரும் அவளுக்குப் பிடிக்கும். இரண்டு இடத்திலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று நிம்மதியாக இருந்தாள்.

ஷெட் என்றால் தகரக் கூரை போட்ட பெரிய கூடம். தோட்டங்களிலிருந்து கொய்யா வந்து இறங்கும். தொட்டியில் கழுவி, உருளைப் பட்டையில் ஓடவிட்டு, பெண்கள் இரண்டு பக்கமும் நின்று தரம் பிரிப்பார்கள். நல்ல பழத்துக்கு நுரை வலை மாட்டிப் பெட்டியில் அடுக்கினால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளிர் லாரி வந்து துறைமுகத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்கத் தண்ணீர்ச் சத்தமும் பட்டையின் கிறீச்சிடலும் பழ வாசனையும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் அந்த வாசனை விடாது.

கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதைப் போட்டோ ரூம் என்பார்கள். சன்னலுக்குக் கண்ணாடி இல்லை, பொடிக்கண் வலைதான். உள்ளே இருக்கிற ஈ வெளியே போகக் கூடாது, வெளியே இருக்கிறது உள்ளே வரக் கூடாது. ஊர் உலகத்தில் அடித்து விரட்டுகிற ஈக்கு அந்த அறையில் சர்க்கரைத் தண்ணீர் உபசாரம் நடக்கும்.

அறுவடைக்குப் பல நாள் முன்னாலேயே ஒவ்வொரு தோட்டத்திலும் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி வந்து, அடியில் மணல் பரப்பிய டப்பாவில் வைப்பார்கள். பழத்துக்குள் இருக்கிற புழு வெளியே வந்து மணலில் புகுந்து கூடு கட்டும். கூட்டை உடைத்துக்கொண்டு ஈ வரும். அந்த ஈயை வலைக் கூண்டில் விட்டு, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து வளர்த்து, பிறகு குளிர்ப் பெட்டியில் போட்டு அடக்கி, மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம், இறக்கையை விரித்து ஒரு படம் எடுக்க வேண்டும். படம் தூரத்து நகரத்தில் இருக்கிற பூச்சி ஆபீசருக்குப் போகும். அவர் தலையாட்டினால்தான் அந்தத் தோட்டத்துப் பழம் லாரி ஏறும்.

இதில் வம்பு என்னவென்றால், வருகிற ஈ இரண்டு வகை. இரண்டும் ஒரே அளவு, முதுகில் ஒரே மஞ்சள் கோடு, ஒரே குறுகிய இடுப்பு. ஒரு வயிற்றில் பிறந்த மாதிரி இருக்கும். இறக்கையின் முன் ஓரத்தில் கறுப்புக் கோடு ஒன்று அறுபடாமல் நுனி வரை ஓடினால் அது ஒரு வகை. கோடு பாதியில் நின்றுபோய், நுனியில் மட்டும் ஒரு புள்ளி விழுந்திருந்தால் அது வேறு வகை. ஆபீசர் எழுதுகிற நீளப் பெயர்கள் ஷெட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. முதலாவதற்குப் பட்டைக்காரி, இரண்டாவதற்குப் பொட்டுக்காரி என்று பெயர் வைத்தவள் பெரியவள்தான். பொட்டுக்காரி என்றால் பழத்தைக் கொஞ்சம் கூடுதல் குளிரில் வைத்து அனுப்பிவிடலாம். பட்டைக்காரி ஒன்றே ஒன்று தென்பட்டாலும் வாங்குகிற நாட்டுக்காரன் அந்தத் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

பிறந்த அன்றைக்கே படம் எடுத்துத் தள்ளிவிட முடியாது. புது ஈ வெளிறிப்போய் இருக்கும். கோடெல்லாம் பிறகுதான் மெல்ல மெல்லக் கறுத்து வரும். அதற்கு முன்னால் நுனி மட்டும் லேசாக மங்கியிருக்கும். அந்த நேரத்தில் பார்த்தால் பட்டைக்காரியும் பொட்டுக்காரியைப் போலவே தெரிவாள்.

“நிறம் ஏறுற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு இருக்கணும். அது முடியாதவளுக்கு இந்த வேலை ஆகாது” என்று பெரியவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். சின்னவளுக்கும் முதல் நாளே சொன்னாள்.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள். ஒல்லியாக, அதிகம் பேசாமல், எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். “வீட்ல அத்தை மூஞ்சியையே பாத்துக்கிட்டு என்ன பண்ணப் போறே? என்கூட வாயேன்” என்று பெரியவள்தான் அவளை ஷெட்டுக்கு அழைத்துப் போனாள். சூப்பர்வைசரிடம் சிபாரிசு செய்ததும் அவள்தான். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டோம் என்று பின்னால் பல தடவை நினைத்து நினைத்துப் புழுங்கினாள்.

முதலில் டீக் கப் விவகாரம். குழல் விளக்கு வெளிச்சம் ஈயின் இறக்கையில் பட்டுப் பளபளக்கும், படத்தில் அந்த இடம் வெள்ளையாகிவிடும். பெரியவள் வருஷக்கணக்காக அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒருநாள் மெல்லிசான வெள்ளைப் பிளாஸ்டிக் டீக் கப்பின் அடியை வெட்டி, ஈயைச் சுற்றிக் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்தாள். வெளிச்சம் கப்பில் வடிகட்டி இறங்கியது. இறக்கையின் ஒவ்வொரு நரம்பும் பென்சிலில் கோடு போட்டதுபோல விழுந்தது.

ஆபீசரிடமிருந்து பதில் வந்தது. சூப்பர்வைசர் அதைத் தரம் பிரிக்கிற பெண்களுக்கு நடுவில் நின்று உரக்கப் படித்தார். “இந்தப் படத்தை எடுத்தவர் யார்? இனி எல்லாப் படமும் இப்படியே இருக்கட்டும்.”

“யாரு, நம்ம லென்ஸ் அக்காதான?” என்றாள் ஒருத்தி.

“இல்லம்மா, இது சின்ன லென்ஸு” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் புருஷனுக்கும் செய்தி போய்விட்டது. அவன் அதே ஷெட்டில் எடைமேடைக்காரன். வீட்டில் சோற்றுத் தட்டில் கை வைத்துக்கொண்டே, “என்னம்மா, டீ கப்ப கவுத்து ஆபீசரையே கவுத்துட்டியாமே!” என்று தம்பி பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

“இத்தன வருஷத்துல என் படத்தப் பத்தி ஒரு வார்த்த கேட்டிருப்பீங்களா?” என்று பெரியவள் கேட்டாள்.

“உன் படத்துல எனக்கு ஈயே தெரியாதே, என்னத்தக் கேக்க?”

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அதை அவள் மறக்கவில்லை.

கப்பைக்கூட அவள் சகித்துக்கொண்டிருப்பாள். அதைத் தானும் செய்யலாம், செய்யவும் தொடங்கினாள். சகிக்க முடியாதது அந்தக் கண். சின்னவள் லென்ஸைத் தொடுவதே இல்லை. பெரியவள் கூண்டைத் தூக்கி, லென்ஸைக் கண்ணில் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து, “பொட்டுக்காரிதான் அக்கா” என்று குரல் வரும். அவள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பாள். எங்கேயாவது கோடு ஓடியிருக்காதா என்று தேடுவாள். ஓடியிருக்காது. ஒருநாளாவது இவள் தப்பாகச் சொல்ல மாட்டாளா என்று அவள் ஏங்கிய ஏக்கத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. மெல்ல மெல்ல ஷெட்டில் ‘சின்ன லென்ஸ்’ என்பதில் ‘சின்ன’ உதிர்ந்துபோனது. “லென்ஸக் கூப்பிடுங்க” என்று யாராவது சொன்னால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிட்டது சின்னவளைத்தான்.

இந்தச் சமயத்தில்தான் கொழுந்தன் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தான். அதுவரை வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். அடுத்தவன் பழத்தையே ஏற்றி இறக்கி அலுத்துப்போய், இருந்ததையெல்லாம் போட்டு, அண்ணனிடமும் கைமாற்று வாங்கி இறங்கினான். முதல் அறுவடை நல்லபடியாகப் போனால் குத்தகை தொடரும். போகாவிட்டால் தோட்டக்காரர் வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார். அப்படித்தான் பேச்சு. கவாத்து, உரம், தண்ணீர் என்று அவன் இராப்பகல் பார்க்கவில்லை. காய் திரண்டு தோல் வெளுத்து, நாளைக்குப் பறிக்கலாம் என்கிற பதம். அவன் தோட்டத்து டப்பாவிலும் ஈ வரத் தொடங்கியது.

அன்றைக்கென்று பார்த்துப் பெரியவளுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனால், படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது. பொட்டுக்காரி என்று சின்னவள் எழுதியிருந்தாள். கொழுந்தன் அதை நம்பி விடியற்காலையிலேயே ஆள் விட்டுப் பறிக்கத் தொடங்கியிருந்தான்.

பெரியவள் கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்ததும் பல்வலி மறந்தது. ஈக்கள் வெளிறி இருந்தன. வந்த அன்றைக்கே குளிரில் போட்டிருக்கிறாள்! நாள் தவறாமல் சொல்லிக் கொடுத்தும், புருஷன் தோட்டம் என்றதும் பொறுக்க முடியவில்லை இந்தப் பத்தினிக்கு. இறக்கை நுனியில் புள்ளி மாதிரி ஒன்று தெரிந்தது. அது பொட்டாகவே இருக்கலாம். பெரியவளின் மனசுக்குமே பொட்டு என்றுதான் பட்டது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது.

சின்னவள் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். ‘ஏம்மா இப்படி அவசரப்பட்டே, வா, வேற ஈ விட்டு எடுத்துரலாம்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்துபோகிற விஷயம். பெரியவள் கேட்கவில்லை. சின்னவள் கழுவக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வெளியே போகிற வரை காத்திருந்து, ஆபீசருக்கு எழுதினாள். ஈக்கு நிறம் ஏறவில்லை, கவனிக்கவும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இது படம் எடுத்தவரின் கணவர் தோட்டம் என்று கீழே இன்னொரு வரி சேர்த்தாள். சேர்த்ததை அழித்தாள். பிறகு மறுபடி எழுதி அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் தடை வந்துவிட்டது. இந்தத் தோட்டத்துப் பழம் லாரி ஏறக் கூடாது, புது ஈக்களை வளர்த்து, நிறம் ஏறியதும் படம் அனுப்பவும், அந்தப் பொறுப்பு மூத்த ஊழியருக்கு, மற்றவர் அறைக்குள் வர வேண்டாம். ஆபீசர் தானாகவே படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததாகச் சூப்பர்வைசர் நினைத்துக்கொண்டார். பெரியவள் அதைத் திருத்தவில்லை.

வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டியும் யாரும் சாப்பிட உட்காரவில்லை. வெளியே தூறல். கொழுந்தன் தலையைத் துவட்டாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

“பாதித் தோட்டத்தப் பறிச்சு ஷெட்ல அடுக்கியாச்சு” என்றான். “இன்னிக்குக் காலைலயே தடைன்னு சொல்லியிருந்தா மரத்துலயே விட்டிருப்பேன்.”

“ஏம்மா, உனக்கென்ன அப்படி அவசரம்?” என்று மாமியார் சின்னவளைக் கேட்டாள். “பெரியவதான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுங்கறாளே.”

“தப்புதான் அத்தை” என்றாள் சின்னவள். “மழை வர்ற மாதிரி இருந்துச்சு. மழை புடிச்சா பழம் வெடிச்சிரும்னு இவரு பயந்துக்கிட்டே இருந்தாரு. அதான்.”

“அப்ப அது பொட்டுக்காரி இல்லையா?” எடைமேடைக்காரன் கேட்டான்.

“பொட்டுக்காரிதான். அதுல சந்தேகம் இல்ல.”

“சந்தேகம் இல்லேன்னா ஆபீசரு ஏன் நிறுத்தறாரு?”

“நிறம் ஏறாம எடுத்தது என் தப்பு மாமா. ஆனா ஈ பொட்டுக்காரிதான்.”

பெரியவள் இதைக் கேட்டுக்கொண்டே வாயைக் கொப்பளித்தாள். தப்பு செய்துவிட்டு இவளுக்கு என்ன உறுதி! தப்பை ஒப்புக்கொள்கிறபோதுகூடக் குரலில் நடுக்கம் இல்லை. அவள் பஞ்சை மாற்றிக்கொண்டு, “கவலைப்படாதீங்க தம்பி, நான் பாத்துக்கறேன்” என்றாள் கொழுந்தனிடம்.

“உங்களத்தான் அண்ணி நம்பியிருக்கேன். வெள்ளிக்கிழமை லாரிய விட்டா அடுத்த வாரம் வரைக்கும் தாங்காது. குளிர்ல வெச்சாலும் மஞ்சளாயிரும்.”

“எல்லாம் நிறம் ஏறுறதப் பொறுத்துதான்.”

அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. எத்தனை நாளாயிற்று, இந்த வீட்டில் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்து!

மணலில் இன்னும் நிறையக் கூடு மிச்சம் இருந்தது. செவ்வாய்க்கிழமையே புதிதாக ஈ வந்திருந்தது. அவற்றைப் பெரியவள் கூண்டில் விட்டு, பஞ்சு வைத்து, சன்னலோரத்து மேசையில் வைத்தாள். வெளிச்சம் அதிகம் படக் கூடாது என்று சொல்லி மேலே ஒரு துணியைப் போர்த்தினாள். அப்படியொரு வழக்கம் ஷெட்டில் அதுவரை கிடையாது.

அறைக்குள் வரக் கூடாது என்பதால் சின்னவளைத் தரம் பிரிக்கிற பெண்களோடு நிறுத்திவிட்டார்கள். பட்டை ஓடுகிற வேகத்துக்கு அழுகலையும் அடிபட்டதையும் பொறுக்கி எறிகிற வேலை. அவள் முகம் சுளிக்காமல் செய்தாள். டீ நேரத்தில் மட்டும் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து வலைச் சன்னலுக்கு வெளியே திட்டில் வைப்பாள். பெரியவள் கதவைத் திறந்து வந்து எடுத்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை காலையில் பெரியவள் துணியை விலக்கி, லென்ஸை வைத்துப் பார்த்தாள். நம்பாமல் கூண்டைத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தாள். நிறம் ஏறியிருந்தது. மஞ்சள் கோடு பளிச்சென்று, இடுப்பு சிவந்து, இறக்கை ஓரத்துக் கோடு பாதியில் அறுந்து, நுனியில் தனியாக ஒரு கறுப்புப் பொட்டு. ஒன்றில்லை, எல்லாமே அப்படித்தான். பொட்டுக்காரிகள்.

சரியாகச் சொல்லியிருக்கிறாள். வெளிறிப்போன ஈயைப் பார்த்துச் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்போதே படம் எடுத்து அனுப்பியிருந்தால் மத்தியானத்துக்குள் பதில் வந்திருக்கும். வெள்ளிக்கிழமை லாரிக்குத் தாராளமாக நேரம் இருந்தது. பெரியவள் கேமராவைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். சூப்பர்வைசர் உரக்கப் படிப்பார். ‘லென்ஸ் அன்னிக்கே சொல்லிருச்சே!’ என்பார்கள் பெண்கள். நிறம் ஏறாமலே கண்டுபிடித்தவள் என்று அதற்கு மேல் ஒரு கதை கட்டுவார்கள். வீட்டில் புருஷன் தட்டில் கை வைத்துக்கொண்டு சிரிப்பான். நாலைந்து நாள் வளர்ப்பதுதானே வழக்கம், இன்னும் ஒருநாள் பார்க்கலாமே, யார் குறை சொல்ல முடியும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு, கேமராவைக் கீழே வைத்தாள்.

டீ நேரத்தில் சன்னலுக்கு வெளியே கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது.

“நிறம் ஏறிருச்சா அக்கா?” சின்னவள் கேட்டாள்.

“இன்னும் இல்லம்மா.”

“கொஞ்சங்கூடவா?”

“ஏறினா சொல்ல மாட்டேனா? நீ போய் வேலையப் பாரு. பட்டை ஓடிக்கிட்டிருக்கு.”

சின்னவள் உடனே போகவில்லை. வலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “சரிக்கா” என்று போனாள். சாயங்காலமும் வந்து அதையே கேட்டாள். அதே பதில்தான் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கொழுந்தனே வந்துவிட்டான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். குளிர் அறையில் போய்த் தன் பழத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“அண்ணி, ஓரத்துப் பெட்டியெல்லாம் மஞ்சள் தட்டுது. ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னிக்கு ஆகுமா, ஆகாதா?”

அந்த முகத்தைப் பார்த்ததும் பெரியவளுக்கு மனசு இளகிவிட்டது. கல்யாணமாகி அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவன் அரை நிக்கர் போட்ட பையன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக் கடைக்கு ஓடியவன். போதும் இந்த விளையாட்டு, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

“தம்பி, இப்பதான் பாத்தேன்...”

“பொட்டுதான் அண்ணி, எனக்குத் தெரியும்” என்றான் அவன் அவசரமாக. “அவ சொல்லிட்டா அப்புறம் அதுல மறுபேச்சே கிடையாது. அவ கண்ணு தப்பாது அண்ணி. நீங்க சும்மா ஒரு படம் எடுத்து அனுப்பினாப் போதும்.”

சும்மா ஒரு படம்!

பெரியவள் திறந்த வாயை வேறு பக்கம் திருப்பினாள். “இப்பதான் பாத்தேன், இன்னும் ஏறல. அவசரப்பட்டுத்தான ஒரு தடவ இவ்வளவு தூரம் வந்து நிக்குது? நானும் அதையே செய்யட்டுமா?”

சாயங்காலம் லாரி வந்தது. மற்ற தோட்டத்துப் பெட்டிகளெல்லாம் ஏறின. கதவைச் சாத்திப் பூட்டுப் போடுகிற வரை அவன் அங்கேயே நின்றிருந்தான். அவன் அண்ணன் எடைமேடையிலிருந்து இறங்கி வந்து அவன் தோளைப் பிடித்து அழைத்துப் போனான்.

சனிக்கிழமை பெரியவள் படம் எடுத்து அனுப்பினாள். டீக் கப்பைக் கவிழ்த்து, நிதானமாக எடுத்தாள், அவள் வாழ்நாளிலேயே எடுத்த நல்ல படங்கள் அவை. ஆபீசர் அந்த நீளப் பெயரைப் போட்டுப் பொட்டுக்காரியேதான் என்று உறுதி செய்தார். கூடவே, “அவசரப்படாமல் முறைப்படி செய்த மூத்த ஊழியருக்குப் பாராட்டு. இனி இந்த அறையின் முழுப் பொறுப்பும் அவருக்கே” என்று எழுதியிருந்தார். சூப்பர்வைசர் அதைப் பெண்கள் நடுவில் நின்று உரக்கப் படித்தார். அவள் ஆசைப்பட்டது அச்சு மாறாமல் நடந்தது. பெண்கள் கை தட்டினார்கள். தரம் பிரிக்கிற வரிசையின் கடைசியில் நின்று சின்னவளும் கை தட்டினாள். அதைப் பெரியவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

பழம் ஜூஸ் மில்லுக்குப் போனது. கிடைத்த விலைக்குக் கொட்டிவிட்டு வந்தான் கொழுந்தன். மரத்தில் மிச்சம் இருந்தது மழையில் வெடித்தது. தோட்டக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார், ஆனால் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். கொழுந்தன் மறுபடியும் வாடகை வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்து ஆணியில் மாட்டினான். “அண்ணி என்ன பண்ணுவாங்க, அவங்க முறைப்படிதான செஞ்சாங்க” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவனே பதில் சொன்னான். மாமியார் சின்னவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குடும்பத்தையே கவிழ்த்தவள் அவசரக்காரிதான் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆகிவிட்டது. சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எழுந்தாள், சமைத்தாள், ஷெட்டுக்குப் போய்ப் பட்டையில் நின்றாள்.

பெரியவளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. அழுது தொலைத்தால் ஆறுதலாவது சொல்லலாம். இவள் என்ன கல்லா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாடியில் காய்ந்த துணிகளை எடுக்க இரண்டு பேரும் ஏறினார்கள். ஒரு போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள், “ஆபீசருக்கு யாரு எழுதினாங்கன்னு நான் கேக்கல அக்கா” என்றாள்.

பெரியவளுக்குக் கை நின்றது.

“எழுதினது சரிதான். நான் நிறம் ஏறாம எடுத்தேன், அதக் கேக்க வேண்டியதுதான். யாரா இருந்தாலும் கேக்கணும்.” போர்வையை ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். “ஆனா வியாழக்கிழமை நான் பாத்துட்டேன் அக்கா.”

“என்னத்தப் பாத்தே?”

“காலைல டீ கொண்டுவந்தேன்ல? துணி ஓரம் கொஞ்சம் விலகியிருந்துச்சு. பஞ்சு மேல ஒருத்தி உக்காந்து இறக்கைய விரிச்சு விரிச்சு ஆட்டிக்கிட்டிருந்தா. அப்பதான் உங்ககிட்ட கேட்டேன், ஏறிருச்சான்னு.”

“பாத்தவ அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதான?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். சாயங்காலம் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை இவரு வந்து நின்னப்ப கண்டிப்பா சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.” மடித்த போர்வையை அவள் தோளில் போட்டுக்கொண்டாள். “நான் வாயத் திறந்தா, அக்கா பொய் சொல்றாங்கன்னு ஆயிரும். அண்ணனும் தம்பியும் அன்னிக்கே வெட்டிக்கிட்டுப் போயிருவாங்க. தோட்டம் போனா இன்னொரு தோட்டம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

முதல் தூறல் விழுந்தது. சின்னவள் கொடியில் மிச்சம் இருந்த துணிகளை உருவத் தொடங்கினாள். பெரியவள் அங்கேயே நின்றாள். காலில் விழ வேண்டும். குறைந்தது அந்தக் கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். இவள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததால்தான் வீடு வீடாக இருக்கிறது, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் அவளுக்கு வேறொன்று கண் முன்னால் வந்து நின்றது. பொடிக்கண் வலைச் சன்னல். உள்ளே அரை இருட்டு. ஒரு கை நீளத்துக்கு அப்பால் கூண்டு, அதற்கும் ஒரு வலை. துணியின் ஓரத்தில் விரல் அகல இடுக்கு. அதற்குள், ஓரிடத்தில் நிற்காமல் இறக்கையை ஆட்டிக்கொண்டிருக்கிற ஓர் ஈ. கூண்டை மடியில் வைத்து, லென்ஸைக் கண்ணில் ஒட்டி, இரண்டு தடவை பார்த்தும் அவளுக்கே நம்பிக்கை வராத அந்தப் பொட்டு.

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கேட்டுவிட்டாள்.

“அவ்வளவு தூரத்துலேர்ந்து... வெறுங்கண்ணாலயா பாத்தே?”

சின்னவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த துணிகள் ஈரத் தரையில் விழுந்தன. தோட்டம் போன அன்றைக்கும் அழாதவள், அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள்.